மேலே ஐஸ், கீழே சூடு: பிரிட்ஜுக்குள் குளிர்காற்று ஓடாவிட்டால் என்ன செய்வது?



நம் குழுக்களில் இட்லி மாவு விற்பவர்கள் இருக்கிறார்கள். பால், தயிர் விற்பவர்கள் இருக்கிறார்கள். பெட்டிக்கடையில் குளிர்பானம் வைத்து விற்பவர்களும், பூ கட்டி விற்பவர்களும் இருக்கிறார்கள். இவர்களுக்கு பிரிட்ஜ் ஆடம்பரப் பொருள் இல்லை. தையல்காரருக்கு மிஷின் எப்படியோ, அப்படி இவர்களுக்கு பிரிட்ஜ் ஒரு தொழில் கருவி. பலர் குழுக் கடனில்தான் அதை வாங்கியிருப்பார்கள். பிரிட்ஜ் நின்றால் வியாபாரம் நிற்கும். ஆனால் தவணை நிற்காது.

அதனால் இந்த இதழில் பிரிட்ஜ் பற்றி ஒரு பாடம். நாம் மெக்கானிக் ஆவதற்காக இல்லை. எது நாமே சரிசெய்யக்கூடியது, எதற்கு மெக்கானிக்கைக் கூப்பிடணும், அவரிடம் என்ன கேட்கணும் என்று தெரிந்துகொள்வதற்காக.

குழுக் கூட்டத்துக்குப் போகும்போது இந்த மாதிரிப் பேச்சைக் கேட்கலாம்.

"மேடம், பிரிட்ஜ் கெட்டுப்போச்சு. கேஸ் போயிடுச்சுன்னு மெக்கானிக் சொல்றாரு. குழுவுல அவசரக் கடன் கேட்கலாம்னு இருக்கேன்."

"மேல பிரீசர்ல ஐஸ் கட்டுதாக்கா?"

"அது நல்லாவே கட்டுது மேடம். கல்லு மாதிரி இருக்கு. கீழ வச்ச மாவுதான் ஒரே நாள்ல புளிச்சுப்போகுது."

இந்த ஒரு பதிலிலேயே பாதி விடை கிடைத்துவிட்டது. கேஸ் முழுவதும் போய்விட்டால் மேலே ஐஸ் கட்டாது. மேலே கல் மாதிரி ஐஸ் இருந்து, கீழே மட்டும் குளிர் இல்லை என்றால், பெரும்பாலும் குளிர் உண்டாவதில் குறை இல்லை. உண்டான குளிர் கீழே வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

நம் ஊர்க் கணக்கில் சொன்னால், ஏரியில் தண்ணீர் இருக்கு, வாய்க்கால் அடைச்சிருக்கு. கடைமடை காயுது என்பதற்காக ஏரி வற்றிவிட்டது என்று சொல்வோமா? முதலில் வாய்க்காலைத்தானே போய்ப் பார்ப்போம். பிரிட்ஜிலும் அப்படித்தான்.

பிரிட்ஜுக்குள் குளிர் எப்படிப் பரவுகிறது?

நம் வீடுகளில் இருப்பது இரண்டு வகை. உங்களிடம் இருப்பது எது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

முதல் வகை, ஒற்றைக் கதவு பிரிட்ஜ். உள்ளே மேலே சின்னதாக ஒரு ஐஸ் பெட்டி இருக்கும். பெரும்பாலும் இதில் விசிறி கிடையாது. குளிர்ந்த காற்று கனமானது, சூடான காற்று லேசானது. ஐஸ் பெட்டியை ஒட்டிக் குளிர்ந்த காற்று தானாகக் கீழே இறங்கும், கீழே இருக்கும் சூடு மேலே ஏறும். இந்தச் சுற்றுதான் எல்லாத் தட்டையும் குளிர வைக்கிறது. இதில் ஐஸ் சேர்ந்தால் நாம்தான் கரைக்கணும். வெப்பநிலைத் திருகின் நடுவில் ஒரு பட்டன் இருக்குமே, அது அதற்குத்தான்.

இரண்டாவது வகை, மேலே ஒன்று கீழே ஒன்றாக இரண்டு கதவு உள்ளது. இதில் குளிரை உண்டாக்கும் காயில் நம் கண்ணுக்குத் தெரியாது. பிரீசரின் பின்பக்கச் சுவருக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். அங்கே ஒரு சின்ன விசிறி சுற்றி, குளிர்காற்றை பிரீசருக்குள்ளும், ஒரு குழாய்ப் பாதை வழியாகக் கீழ் அறைக்குள்ளும் தள்ளும். காயிலில் படியும் உறைபனியைக் கரைக்க உள்ளேயே ஒரு ஹீட்டர் உண்டு. குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை அது தானாக வேலை செய்யும். கரைந்த தண்ணீர் ஒரு குழாய் வழியாக பிரிட்ஜின் பின்னால் இருக்கும் தட்டில் விழும்.

இந்த இரண்டாவது வகையில் வாய்க்கால் அடைபட நான்கு காரணங்கள் உண்டு. ஒன்று, காற்று வரும் துளையைச் சாமான் மறைப்பது. இரண்டு, ஹீட்டர் வேலை செய்யாமல் காயில் முழுவதும் பனிச்சுவர் மாதிரி மூடிக்கொள்வது. மூன்று, விசிறி நிற்பது. நான்கு, கீழே காற்றை விடும் சின்னக் கதவு மாட்டிக்கொள்வது. இந்த நான்கிலும் முதலில் அடிபடுவது கீழ் அறைதான். மேல் அறை காயிலை ஒட்டியே இருப்பதால் கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கும்.

உங்கள் பிரிட்ஜ் எந்த நிலையில் இருக்கிறது?

1. விளக்கு எரியவில்லை, சத்தமும் இல்லை: கரண்ட், பிளக், ஸ்டெபிலைசர் ஆகியவற்றைப் பாருங்கள். அதே பிளக்கில் வேறு பொருளை மாட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

2. விளக்கு எரிகிறது, ஆனால் மேலேயும் குளிர் இல்லை, கீழேயும் குளிர் இல்லை: கம்ப்ரசர், ரிலே, கேஸ் இவற்றில் ஏதோ கோளாறு. மெக்கானிக் வேண்டும்.

3. ஐஸ் பெட்டியில் ஒரு மூலையில் மட்டும் பனி படிகிறது, மற்ற இடம் வெறுமையாக இருக்கிறது, தண்ணீர் உறையவே இல்லை: கேஸ் குறைந்திருக்க வாய்ப்பு உண்டு. மெக்கானிக் வேண்டும்.

4. மேலே கல் மாதிரி ஐஸ், கீழே குளிர் இல்லை: காற்றுப் பாதையில் தடை. இந்தப் பாடம் இதற்குத்தான்.

நாமே பார்க்க வேண்டிய ஆறு விஷயங்கள்

ஒன்று: துளைகளைப் பாருங்கள். இரண்டு கதவு பிரிட்ஜில் கீழ் அறையின் பின்சுவரிலோ மேல்பக்கத்திலோ காற்று வரும் துளைகள் இருக்கும். பிரீசரின் பின்சுவரிலும் இருக்கும். மாவு டப்பாவையோ பால் பாக்கெட்டையோ அதோடு ஒட்டி வைக்கக் கூடாது. மூன்று விரல் இடைவெளி விடுங்கள். ஒற்றைக் கதவு என்றால் ஐஸ் பெட்டிக்குக் கீழே இருக்கும் தட்டின் இடுக்குகள் திறந்திருக்கணும்.

இரண்டு: தட்டில் விரித்ததை எடுங்கள். அழுக்காகக் கூடாது என்று நாம் கம்பித்தட்டு மேல் நியூஸ் பேப்பர், பிளாஸ்டிக் ஷீட் எல்லாம் விரிக்கிறோம். கம்பிக்கு நடுவே இடைவெளி விட்டதே காற்று போகத்தான். விரித்தால் மேல் குளிர் மேலேயே நின்றுவிடும். சாமானையும் இடித்து இடித்து அடுக்காதீர்கள்.

மூன்று: கதவு ரப்பரைச் சோதியுங்கள். ஒரு பத்து ரூபாய் நோட்டைக் கதவு இடுக்கில் வைத்து மூடி, மெதுவாக இழுங்கள். இறுக்கமாக வந்தால் ரப்பர் நன்றாக இருக்கு. வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் வெளிக்காற்று உள்ளே போகுது. வெளிக்காற்றில் உள்ள ஈரம்தான் உள்ளே போய் ஐஸாகச் சேருகிறது. நாலு பக்கமும் இப்படிப் பாருங்கள். பல சமயம் ரப்பர் கெட்டிருக்காது, மாவும் எண்ணெய்ப் பிசுக்கும் ஒட்டியிருக்கும். சோப்புத் தண்ணீரில் துணி நனைத்துத் துடைத்தால் சரியாகிவிடும்.

நான்கு: திருகுகளைப் பாருங்கள். சில இரண்டு கதவு மாடல்களில் மேலே ஒன்று கீழே ஒன்று என்று இரண்டு திருகு இருக்கும். மேலே உள்ளது காற்றைப் பங்கு போடும் மதகு. ஐஸ் சீக்கிரம் கட்டணும் என்று அதைக் கடைசி வரை திருப்பிவிட்டால், காற்றெல்லாம் மேலேயே போகும், கீழே வராது. நடுவில் வைத்து ஒரு நாள் பாருங்கள்.

ஐந்து: விசிறிச் சத்தத்தைக் கேளுங்கள். பல மாடல்களில் கதவைத் திறந்தால் விசிறி நின்றுவிடும். கதவு ஓரத்தில் விளக்குக்கான சின்னப் பட்டன் இருக்கும். கம்ப்ரசர் ஓடும்போது அதை விரலால் அழுத்திப் பிடித்து, காதை பிரீசர் பக்கம் வையுங்கள். 'உய்' என்று மெல்லிய சத்தமும், துளையில் காற்றும் வந்தால் விசிறி ஓடுது. 'டக் டக்' என்று இடித்தால் விசிறி ஐஸில் தட்டுது. சத்தமே இல்லை என்றால் விசிறி நின்றிருக்கலாம். ஹீட்டர் வேலை செய்யும் நேரத்திலும் விசிறி நிற்கும். அதனால் ஒரு மணி நேரம் கழித்து மறுபடி கேட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஆறு: ஐஸைப் பாருங்கள். ஒற்றைக் கதவில் ஐஸ் பெட்டியைச் சுற்றி கால் அங்குலத்துக்கு மேல் ஐஸ் சேர்ந்தால் கரைக்கணும். தடித்த ஐஸ் கம்பளி போர்த்தின மாதிரி, குளிரை வெளியே விடாது. இரண்டு கதவில் பிரீசரின் பின்சுவரில் வெள்ளைப் பனி படிந்திருந்தாலோ, பிரீசர் தரையில் ஐஸ் தகடு இருந்தாலோ, உள்ளே காயிலும் மூடியிருக்க வாய்ப்பு அதிகம்.

ஐஸை முழுவதும் கரைப்பது எப்படி?

ஒற்றைக் கதவில் பட்டனை அழுத்தினால் போதும். இரண்டு கதவில் சுவருக்குப் பின்னால் இருக்கும் ஐஸ் கரைய நேரம் ஆகும். முறை இது:

முதலில் சாமானையெல்லாம் வெளியே எடுங்கள். பாலைக் காய்ச்சிவிடுங்கள். மாவை அன்றைக்கே விற்றுவிடப் பாருங்கள், அல்லது பக்கத்து வீட்டு உறுப்பினரின் பிரிட்ஜில் வையுங்கள். ஒருத்தருக்கு ஒருத்தர் இதைக்கூடச் செய்யாவிட்டால் குழு எதற்கு?

பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. இரண்டு கதவையும் திறந்து வையுங்கள். கீழே பழைய துணி, கோணி போடுங்கள். குறைந்தது 8 மணி நேரம், முடிந்தால் ஒரு பகல் ஒரு இரவு விடுங்கள். குழந்தைகள் உள்ளே ஏறி விளையாடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மேசை விசிறி இருந்தால் பிரிட்ஜை நோக்கி வைத்தால் சீக்கிரம் கரையும்.

கத்தி, கரண்டிக் காம்பு, ஸ்க்ரூ டிரைவர் கொண்டு ஐஸைக் குத்தவே கூடாது. குத்தினால் காயில் ஓட்டையாகி, போகாத கேஸும் போய்விடும். கொதிக்கும் தண்ணீரையும் ஊற்றக் கூடாது, பிளாஸ்டிக் விரிசல் விடும். இப்போது வரும் பல பிரிட்ஜ்களில் ஆர் 600 ஏ என்ற கேஸ் இருக்கு. அது தீப்பிடிக்கும் தன்மை உள்ளது. பிரிட்ஜின் ஸ்டிக்கரில் அந்தப் பெயர் இருக்கும். அதனால் விளக்கு, மெழுகுவர்த்தி எதையும் உள்ளே காட்டாதீர்கள். பின்சுவரை நாமே கழற்றவும் வேண்டாம். ஈரக்கையோடு பிளக்கைத் தொட வேண்டாம். மூன்று முனை பிளக்கில் எர்த் இருக்கணும்.

எல்லாம் கரைந்த பிறகு நன்றாகத் துடைத்து, பிளக்கை மாட்டி, முதலில் காலியாகவே ஓட விடுங்கள். சில மணி நேரம் கழித்துக் கீழே குளிர்ந்த பிறகு சாமானை வையுங்கள். அந்தத் தேதியை நோட்டில் எழுதுங்கள்.

தேதி எழுதுவது ஏன்? கரைத்த பிறகு மாதக்கணக்கில் நன்றாக ஓடினால், கதவு சரியாக மூடாமல் போனதாலோ, சாமான் மறைத்ததாலோ வந்த கோளாறு. நாலைந்து நாளோ, பத்துப் பதினைந்து நாளோ நன்றாக ஓடி, மறுபடி கீழே குளிர் போய்விட்டால், ஐஸ் கரைக்கும் ஹீட்டரிலோ, அதை ஓட்டும் டைமரிலோ, சென்சாரிலோ கோளாறு. கரைத்த பிறகும் கொஞ்சம்கூடச் சரியாகவில்லை என்றால் விசிறியிலோ, காற்றை விடும் சின்னக் கதவிலோ கோளாறு இருக்கலாம். இதெல்லாம் உதிரி பாகம் மாற்றும் வேலை. கம்ப்ரசர் மாற்றும் அளவுக்குப் பெரிய வேலை இல்லை.

மெக்கானிக்கிடம் பேசும்போது

நேர்மையான மெக்கானிக்குகள் நிறைய பேர் இருக்கிறார்கள். நாம் விவரமாகச் சொன்னால் அவர்களுக்கும் வேலை சுலபம். "பிரிட்ஜ் ஓடல" என்று மட்டும் சொல்லாதீர்கள். "மேலே ஐஸ் கட்டுது, கீழே குளிர் இல்ல. ஐஸ் எல்லாம் கரைச்சு மாட்டினேன், ஆறு நாள் நல்லா ஓடுச்சு, மறுபடி வந்துடுச்சு" என்று தேதியோடு சொல்லுங்கள்.

கேஸ் நிரப்பணும் என்று சொன்னால், தயங்காமல் கேளுங்கள்: "அண்ணே, கேஸ் எங்க லீக் ஆகுது? அதை அடைச்சீங்களா?" பிரிட்ஜ் கேஸ் அடுப்பு சிலிண்டர் மாதிரி எரிந்து தீர்வது இல்லை. மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றிச் சுற்றி வரும். அது குறைந்தால் எங்கேயோ ஓட்டை இருக்கணும். ஓட்டையை அடைக்காமல் நிரப்பினால் அது ஓட்டைப் பானையில் ஊற்றிய தண்ணீர்தான்.

வேலை தொடங்கும் முன்பே மொத்தச் செலவைக் கேளுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். தேதி, வேலை, தொகை போட்டு ரசீது வாங்குங்கள். வாங்கும்போது கொடுத்த வாரண்டி கார்டையும் எடுத்துப் பாருங்கள். கம்ப்ரசருக்குத் தனியாகப் பல வருடம் வாரண்டி தரும் கம்பெனிகள் உண்டு.

ஏமாற்றப்பட்டதாகத் தெரிந்தால் சும்மா இருக்க வேண்டாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யலாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கு. பொருளுக்கு மட்டும் இல்லை, காசு வாங்கிக்கொண்டு செய்யும் வேலைக்கும் அது பொருந்தும். 5 லட்சம் ரூபாய் வரை உள்ள வழக்குக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் கிடையாது. ஆனால் கையில் ரசீது இருக்கணும். அதனால்தான் ரசீதை வலியுறுத்திச் சொல்கிறோம்.

பிரிட்ஜ் சரியாகும் வரை உணவும் மருந்தும்

இது பண விஷயத்தைவிட முக்கியம். உணவைப் பாதுகாக்கக் கீழ் அறை 5 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கணும். அதற்கு மேல் போனால் கிருமிகள் வேகமாகப் பெருகும். பிரிட்ஜ் தெர்மாமீட்டர் ஒன்றை வாங்கி, ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு, நடுத்தட்டில் ஒரு இரவு வைத்துப் பாருங்கள். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இதற்கு உதவாது. ஒன்றை வாங்கிக் குழுவில் எல்லோரும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம்.

கறி, மீன், சமைத்த சாதம், குழம்பு இவற்றை மோந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள். வாசனை மாறாமலே கெட்டிருக்கும். விளக்கு எரிகிறது என்பதற்காக உள்ளே குளிர் இருக்கு என்று நம்பி, பழைய குழம்பைக் குழந்தைக்குக் கொடுத்துவிடக் கூடாது. விற்கும் பொருளில் இன்னும் கவனம் வேண்டும். ஒரு வாடிக்கையாளருக்கு வயிறு கெட்டால் ஊர் முழுக்கப் பேச்சாகிவிடும்.

சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுபவர்கள் வீட்டில் இருந்தால் இதையும் கவனியுங்கள். பிரிக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்கணும். கீழே குளிர் இல்லை என்று அதை பிரீசருக்குள் வைத்துவிடாதீர்கள். காற்றுத் துளைக்கு நேராகவும் வைக்காதீர்கள். ஒருமுறை உறைந்துவிட்ட இன்சுலினைக் கரைத்தாலும் பயன்படுத்தக் கூடாது. பார்வைக்கு நன்றாக இருந்தாலும் சரியாக வேலை செய்யாது. பிரிட்ஜ் சரியாகும் வரை பக்கத்து வீட்டு பிரிட்ஜில் வைக்கலாம். அதுவும் இல்லை என்றால் பிளாஸ்டிக் உறையில் சுற்றி, ஈரமான மண்பானைக்குள் தண்ணீர் படாமல் வைத்துவிட்டு, உடனே ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸிடம் கேளுங்கள்.

இன்னொரு விஷயம். பிரிட்ஜின் பின்னால் தண்ணீர் சேரும் தட்டை வாரம் ஒருமுறை எடுத்துக் கொட்டித் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு கொசு முட்டையிடும் இடங்களில் இந்தத் தட்டும் ஒன்று. கொசுப்புழு ஒழிப்புப் பணியாளர்கள் வீட்டுக்கு வந்தால் முதலில் எட்டிப் பார்ப்பதும் இதைத்தான்.

கடன் வாங்கும் முன் ஒரு கணக்கு

உதாரணத்துக்கு, தினம் 400 ரூபாய்க்கு மாவு விற்கும் உறுப்பினரின் பிரிட்ஜ் ஐந்து நாள் நின்றால் 2,000 ரூபாய் விற்பனை போச்சு. அந்த அவசரத்தில் மீட்டர் வட்டிக்குக் கடன் வாங்கி, தேவையில்லாத கேஸுக்கும் பணம் கொடுத்தால் நஷ்டம் இரண்டு மடங்கு. இதற்குப் பதிலாக விற்பனையில் தினம் 5 ரூபாய் தனியாகப் போட்டால் மாதம் 150, வருடம் 1,800 ரூபாய் சேரும். சின்ன ரிப்பேர் வந்தால் அதிலிருந்து எடுக்கலாம். மாட்டுக்குத் தீவனச் செலவு கணக்கில் எழுதுகிறோம் இல்லையா? மிஷினுக்கும் பராமரிப்புச் செலவு எழுதணும்.

குழுவில் பிரிட்ஜ் ரிப்பேருக்கு ஒருவர் கடன் கேட்டால், ஊக்குநரும் பிரதிநிதியும் மூன்று கேள்வி கேட்கட்டும்: மேலே ஐஸ் கட்டுதா? முழுவதும் கரைத்துப் பார்த்தாயிற்றா? மெக்கானிக் தொகையை எழுதிக் கொடுத்தாரா? இது கடனைத் தட்டிக்கழிக்க இல்லை. கடன் சரியான வேலைக்குப் போகிறதா என்று பார்க்க.

அடுத்த கூட்டத்தில் பேச வேண்டியவை

1. நம் குழுவில் எத்தனை பேர் தொழிலுக்காக பிரிட்ஜ் வைத்திருக்கிறார்கள்? ஒருவருடையது நின்றால் யார் வீட்டில் சாமான் வைக்கலாம்?

2. கடந்த ஒரு வருடத்தில் பிரிட்ஜ் ரிப்பேருக்கு யார் எவ்வளவு செலவு செய்தார்கள்? ரசீது யாரிடம் இருக்கிறது?

3. யார் வீட்டில் இன்சுலின் பிரிட்ஜில் இருக்கிறது? எந்தத் தட்டில் இருக்கிறது?

4. நம் ஊருக்கு வரும் மெக்கானிக்குகளில் பழைய பாகத்தைத் திருப்பித் தந்து ரசீதும் கொடுப்பவர் யார்? அவர் போன் நம்பரைக் குழுவின் தீர்மான நோட்டில் எழுதி வையுங்கள்.

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். பிரிட்ஜைத் திறந்து, தட்டில் விரித்த ஷீட்டை எடுத்துவிட்டு, பத்து ரூபாய் நோட்டைக் கதவில் வைத்து இழுத்துப் பாருங்கள். ஐந்து நிமிடம்கூட ஆகாது, காசும் செலவில்லை.